61.8 விழுக்காடு காஸ்க் ஸ்ட்ரெங்த் போர்பன்: நாக்கு மரத்துப்போகாமல் புள்ளி போடுவது எப்படி?

செந்தூல்வாசி

வணக்கம். வரும் சனிக்கிழமை ஐந்து பேர் கூடி நான்கு போர்பன் (அமெரிக்க விஸ்கி) போத்தல்களைச் சுவைத்துப் புள்ளி போடப் போகிறோம். முக்கிய போத்தல் அமெரிக்காவின் ஒரு சிறு வடிசாலையிலிருந்து வந்த காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது. 61.8 விழுக்காடு ஆல்கஹால். லேபிளில் ஸ்ட்ரெய்ட் போர்பன், மூன்று ஆண்டு, சில் ஃபில்டர் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாதது என்று போட்டிருக்கிறது. கூட இருப்பவை வைல்ட் டர்க்கி 101, மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த், புக்கர்ஸ்.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். முதல் கிளாஸிலேயே மூக்கு எரிந்தது. மூன்றாவது கிளாஸுக்கு வரும்போது எல்லாம் ஒரே ருசி. நூறு புள்ளித் தாளில் எல்லாரும் 85க்கும் 88க்கும் நடுவில்தான் போட்டார்கள், எது நல்லது என்றே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்று இரண்டு பேர், ஊற்றினால் காஸ்க் ஸ்ட்ரெங்த் எதற்கு என்று இரண்டு பேர். வீடு கொண்டோ, பகலில் உள்ளே 31 பாகை. விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஓக்குப்பீப்பாய்

முதலில் அளவு. ஒரு கிளாஸுக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். உங்கள் போத்தலில் 10 மில்லி என்றால் தூய ஆல்கஹால் கிட்டத்தட்ட 5 கிராம். நான்கு போத்தலையும் நீர் சேர்க்காமல் ஒரு சுற்று, சேர்த்து ஒரு சுற்று என்று எட்டு கிளாஸ் விழுங்கினால் 30 கிராமைத் தாண்டிவிடும், அதாவது மூன்று ஸ்டாண்டர்ட் டிரிங்க்குக்கு மேல். அதனால் ஆளுக்கு ஒரு காகிதக் கப் கொடுத்துத் துப்பச் சொல்லுங்கள். துப்பினாலும் காடி ஓட்ட வேண்டாம், 2020க்குப் பிறகு நம் மலேசியாவில் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான்.

மூக்கு எரிந்ததற்கு போத்தலைக் குறை சொல்லாதீர்கள், அறையைப் பாருங்கள். 31 பாகையில் ஆல்கஹால் கிளாஸிலிருந்து வேகமாக எழும்பி மற்ற வாசனைகளை மூடிவிடும். ஏர்கோனை 23, 24இல் இரண்டு மணி நேரம் முன்பே ஓட்டுங்கள், போத்தலும் கிளாஸும் அதே அறையில் இருக்கட்டும். மேல்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது வாசனையை எடுத்துக்கொண்டு போய்விடும். குளிர்பெட்டியில் வைக்கிற யோசனை வேண்டாம். குளிர்ந்த போர்பனில் இனிப்பு அடங்கி மரக்கசப்பு மேலே வரும், அந்தப் புள்ளிக்கு அர்த்தம் இல்லை.

சாம்பிராணி, ஊதுபத்தி, டுரியான் மூன்றும் அன்றைக்கு வீட்டுக்குள் ஆகாது. மத்தியானம் வாழையிலைச் சாப்பாடோ நாசி கண்டாரோ சாப்பிடுவதாக இருந்தால் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பிதான் ஆல்கஹாலின் எரிவையும் உணர்கிறது. ஆல்கஹால் பட்டால் அது சாதாரண உடல் சூட்டுக்கே 'சுடுகிறது' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். சம்பல் தின்ற வாயில் 61.8 பட்டால் தீதான்.

வாய் திறந்த விஸ்கி டம்ளர் வேண்டாம், அடி அகன்று வாய் குறுகிய டூலிப் வடிவம் வேண்டும். ஊற்றியதும் ஒரு சிறு தட்டால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். வைன் போலச் சுழற்றாதீர்கள், இந்த வீரியத்தில் சுழற்றினால் மேலே வருவது ஆல்கஹால் ஆவி மட்டும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாஸை மோவாய் உயரத்திலிருந்து மெதுவாக மேலே கொண்டுவந்து, ஒன்றிரண்டு விநாடி முகர்ந்து எடுத்துவிடுங்கள். மூக்கு சோர்ந்தால் உங்கள் சட்டைக்கையையே முகருங்கள். காப்பிக்கொட்டை தேவையில்லை, அதுவும் ஒரு பலமான வாசனைதான்.

முதல் மிடறு 2 மில்லி, வாயை நனைக்க மட்டும். அதற்குப் புள்ளி கிடையாது. அது எப்போதும் எரியும், எந்த போர்பனாக இருந்தாலும். இரண்டாவது மிடறு 3 மில்லி, நாக்கின் மேல் பத்து விநாடி வைத்து மென்று, துப்பியோ விழுங்கியோ, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். புள்ளி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம், வெறும் தண்ணீர், உப்புக் குறைந்த கிரீம் கிராக்கர் அரைத் துண்டு. சீஸ், சாக்லேட், முறுக்கு எல்லாம் புள்ளித்தாளை மடித்து வைத்த பிறகு.

பிப்பெட்

தண்ணீர் விஷயத்தில் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சண்டை வருவதே கண்ணளவில் ஊற்றுவதால்தான். 10 மில்லி கிளாஸில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் விழுந்தால் 61.8 ஒரே தாவலில் 41க்கு இறங்கிவிடும். பிறகு 'தண்ணீர் ஊற்றினால் சப்பென்று ஆகிறது' என்று போர்பன் மேல் பழி போடுவார்கள்.

50 விழுக்காட்டுக்கு இறக்க ஓர் எளிய கணக்கு: 50 மில்லி விஸ்கியை எடுத்தால், அதன் விழுக்காட்டிலிருந்து 50ஐக் கழியுங்கள், அத்தனை மில்லி தண்ணீர். உங்கள் போத்தலுக்கு 11.8 மில்லி. 63 விழுக்காட்டு புக்கர்ஸ் என்றால் 13. வைல்ட் டர்க்கி 101 என்பது 50.5, அதற்கு அரை மில்லி, அதாவது விட்டுவிடலாம். மேக்கர்ஸும் புக்கர்ஸும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண் மாறும், போத்தலைப் பார்த்துப் போடுங்கள். வேறு வீரியத்துக்கு: ஊற்றிய அளவை இருக்கிற விழுக்காட்டால் பெருக்கி வேண்டிய விழுக்காட்டால் வகுத்தால் மொத்த அளவு வரும், அதில் விஸ்கியைக் கழித்தால் தண்ணீர். கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்கும், வீட்டுக் கணக்குக்கு அது ஒரு பொருட்டல்ல.

அளக்க, ஃபார்மசியில் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்குங்கள், 5 மில்லியும் 10 மில்லியும். ஐந்து பேருக்கான கலவையை வெள்ளிக்கிழமை இரவே சிறு கண்ணாடிப் போத்தலில் கலந்து மூடி வையுங்கள். அப்போதே கலந்து அப்போதே முகர்ந்தால் கலவைச் சூடும் குமிழும் வாசனையைக் குழப்பும். தண்ணீர் ஆர்.ஓ. குடிநீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, மினரல் வாட்டரில் உப்புகள். ஐஸ் கட்டி எவ்வளவு உருகியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அதுவும் கூடாது.

தண்ணீர் சேர்த்தால் வாசனை ஏன் மாறுகிறது என்பதற்கு ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு கணினி மாதிரி ஆய்வு வந்தது. குவாயகோல் என்ற புகைவாசனை மூலக்கூறு 59 விழுக்காட்டுக்கு மேல் எத்தனாலால் சூழப்பட்டு உள்ளேயே தங்குகிறது, வீரியம் குறைந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்றார்கள். ஆனால் இதை வைத்து போர்பனில் எல்லா வாசனையும் அப்படித்தான் என்று இழுக்கக் கூடாது. அவர்கள் பார்த்தது ஒரு மூலக்கூறு, அதுவும் ஸ்காட்ச் பக்கம்தான் அதிகம் பேசப்படுவது. வனிலாவும் தேங்காய் வாசனையும் வேறு மூலக்கூறுகள்.

என் கட்சி இதுதான்: முதல் சுற்றே 50இல் வையுங்கள், நான்கும் ஒரே வீரியத்தில். அப்போதுதான் மரமும் தானியமும் ஒப்பிட வரும். போத்தல் வீரியம் இரண்டாவது சுற்று.

பட்டர்வொர்த் பெர்ரி

பிப்பெட் சொல்கிற வரிசை நல்லதுதான், ஆனால் கிளாஸைத் தொடுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்கு அமெரிக்க லேபிள் சட்டத்தில் வரையறையே கிடையாது. யாரும் போடலாம். சட்டம் உள்ள சொற்களை மட்டும் நம்புங்கள். போர்பன் என்றால் குறைந்தது 51 விழுக்காடு சோளம், உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாய், வடிப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, பீப்பாயில் அடைக்கும்போது 62.5க்கு மேல் கூடாது. ஸ்ட்ரெய்ட் என்றால் இரண்டு ஆண்டாவது பீப்பாயில் இருந்திருக்கும், நிறமோ மணமோ சேர்த்திருக்க முடியாது. நான்கு ஆண்டுக்குக் குறைந்தால் வயதைக் கட்டாயம் போட வேண்டும், உங்கள் போத்தலில் 'மூன்று ஆண்டு' வந்தது அதனால்தான். பல பீப்பாய் கலந்திருந்தால் அது மிக இளையதன் வயது.

பின்பக்கம் சிறிய எழுத்தைப் பாருங்கள். 'டிஸ்டில்டு பை' என்றிருந்தால் அவர்களே வடித்தது. 'புரொடியூஸ்டு பை', 'பாட்டில்டு பை' மட்டும் இருந்தால் வேறெங்கோ வடித்து வாங்கியதாக இருக்கலாம். முகவரி ஒரு மாநிலம், வடித்தது இந்தியானா என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லாரன்ஸ்பர்க்கின் பெரிய ஆலைச் சரக்கு. அது கெட்டது என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். சிறு வடிசாலையின் கைவண்ணம் என்று அதற்கு ஒரு புள்ளி கூட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டு போர்பனில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். வழக்கமான பீப்பாய் 53 கேலன், சுமார் 200 லிட்டர். சில சிறு ஆலைகள் 5, 10, 15 கேலன் பீப்பாயில் போடும். 5 கேலன் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிற மரப்பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். நிறமும் மரச்சாறும் சீக்கிரம் ஏறிவிடும், ஆனால் காற்றோடு மெல்ல நடக்கிற மாற்றங்களுக்குக் காலம்தான் வேண்டும், மரம் அதைத் தராது. விளைவு: பார்க்கக் கருஞ்சிவப்பு, மூக்கில் மரப்பட்டறைத் தூள், நாக்கில் நெடுநேரம் ஊறிய தே ஓ போல ஒரு பிடிப்பு, அதற்கு அடியில் வேகாத தானிய வாசனை. டெக்சஸ் போன்ற சூட்டுப் பகுதியிலும் நிறம் சீக்கிரம் ஏறும். அதனால் நிறத்துக்குப் புள்ளியே ஒதுக்காதீர்கள்.

61.8 என்ற எண்ணைப் பார்த்தும் மயங்காதீர்கள். பேரல் புரூஃப் (காஸ்க் ஸ்ட்ரெங்த்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர்) என்று போட, பீப்பாயைக் கவிழ்த்தபோது இருந்த வீரியத்துக்கும் போத்தலுக்கும் 2 புரூஃப், அதாவது 1 விழுக்காடுதான் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அடைக்கும்போதே 62.5இல் அடைப்பவர்களும் உண்டு, லூயிவில்லின் பீர்லெஸ் போல 53.5இல் அடைப்பவர்களும் உண்டு. குறைந்த வீரியத்தில் அடைத்தால் பீப்பாயில் தண்ணீர் அதிகம், தண்ணீரில் கரைகிற மர இனிப்பு அதிகம் வரும். அங்கே காஸ்க் ஸ்ட்ரெங்த் 54 என்று வந்தாலும் வாய் நிறைய இருக்கும். எண் பெரிதாக இருப்பதால் சரக்கு பெரிதாகிவிடாது.

ஒரு சின்னக் குறிப்பு. வனிலா, கேரமல் என்று எழுதி வைத்தால் எல்லா போர்பனுக்கும் அதே சீட்டுதான். நமக்குத் தெரிந்த பொருளாக எழுதுங்கள். வெளிர் குலா மெலாக்காவா, அடி பிடித்த கருத்ததா? ஓக் மரம் தருகிற லாக்டோன் என்ற வாசனைப்பொருள் பச்சைத் தேங்காய் மாதிரியா, கொப்பரை மாதிரியா? கிராம்பா, பட்டையா? ரை என்ற தானியம் அதிகமாக இருந்தால் மிளகு, புதினா, சீமைச்சோம்பு வரும். மேக்கர்ஸில் ரைக்குப் பதில் கோதுமை, அதனால் ரொட்டி மாவின் மென்மை. புக்கர்ஸில் வறுத்த கச்சான் பலருக்குத் தெரியும். குறைகளுக்கும் பெயர் வேண்டும்: நெயில் பாலிஷ், சோளம் வேகவைத்த தண்ணீர், நனைந்த அட்டைப்பெட்டி, பென்சில் சீவல்.

செந்தூல்வாசி

மிக்க நன்றி. போத்தலை நேற்றுத் திறந்து 10 மில்லி மட்டும் பார்த்தேன். மூன்று சந்தேகம். திறந்ததும் நெயில் பாலிஷ் வாசனை. அடியில் கருப்பாகத் துகள். தண்ணீர் விட்டு 45க்கு இறக்கினால் லேசாகக் கலங்குகிறது. போத்தல் கெட்டுப்போனதா? புள்ளித்தாள் விஷயமும் யாராவது சொல்லுங்கள்.

பிப்பெட்

கெடவில்லை. கலங்கல், சில் ஃபில்டர் செய்யாததால் உள்ளே இருக்கிற கொழுப்பமில எஸ்டர்கள். 46 விழுக்காட்டுக்குக் கீழே அவை கரைந்திருக்க முடியாமல் வெளியே வரும், குளிரில் இன்னும் அதிகம். வாயில் எண்ணெய்ப் பசை தருவது அவைதான், அதனால் கலங்கலுக்குப் புள்ளி குறைக்காதீர்கள். கருந்துகள் பீப்பாயின் கரி. போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

நெயில் பாலிஷ் வாசனைக்கு எத்தில் அசிடேட் காரணம். வடிப்பில் முதலில் வருகிற தலைப்பகுதியைத் தாராளமாக வெட்டாமல் சேர்த்தால் வரும், பீப்பாயிலும் கொஞ்சம் உருவாகும். சோதனை எளிது: மூடாமல் பதினைந்து நிமிடம் வையுங்கள். போய்விட்டால் புதிதாகத் திறந்த போத்தலின் கழுத்தில் தேங்கியது, மறந்துவிடலாம். போகாமல், 50க்கு இறக்கியும் நின்றால் அது வடித்தவரின் பிழை, அங்கே தாட்சண்யம் பார்க்காதீர்கள். முந்தின நாளே திறந்தது நல்லதாயிற்று. மற்ற மூன்றையும் இன்றைக்கே திறந்து போத்தலுக்கு ஒரு மூடி அளவு வெளியே எடுத்துவிடுங்கள், எல்லாம் ஒரே நிலையில் இருக்கும்.

கணக்கப்பிள்ளை

புள்ளித்தாளுக்கு நான். வாசனை 25, சுவை 25, பின்சுவை 25, சமநிலை 25 என்று போடுகிற தாளில் யாரும் எதற்கும் 20க்குக் கீழே போக மாட்டார்கள், மனசு வராது. நான்கையும் கூட்டினால் 85, 86தான் வரும். ஒரு குறை ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு புள்ளியைத் தின்றுவிட்டு மறைந்துவிடுகிறது.

பத்துப் புள்ளிக்கு மாறுங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் வாக்கியம் கட்டி ஒட்டுங்கள். 2 என்றால் கோலாவில் கலந்தாலும் தெரியும். 4 என்றால் குடிக்கலாம், ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. 5 என்றால் குறையுமில்லை நினைவுமில்லை. 6 என்றால் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வேன். 7 என்றால் இதே விலைக்கு இன்னொன்று வாங்குவேன். 8க்கு மேல் வருடத்தில் ஒன்றிரண்டு வந்தால் அதிகம். வைல்ட் டர்க்கி 101ஐ முன்கூட்டியே 6 என்று நிறுத்தி, அதை நங்கூரமாக வையுங்கள். அது 57.5இல் அடைத்து 50.5இல் போத்தலில் வருவது, பெரிய ஏமாற்றம் இல்லாத சரக்கு, மற்றவை அதைவிட மேலா கீழா என்று கேட்டால் போதும்.

ஐந்து பேரில் ஒருவர் ஊற்றட்டும், அவர் மட்டும் புள்ளி போட வேண்டாம். கிளாஸ் அடியில் எண் ஒட்டி, வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசை வைக்கட்டும். நான்கு போத்தலுக்கு ஐந்து கிளாஸ்: ஏதோ ஒன்றை யாருக்கும் சொல்லாமல் இரண்டு முறை ஊற்றச் சொல்லுங்கள். அந்த இரட்டைக் கிளாஸுக்கு ஒருவர் 5ம் 7ம் போட்டால் அவருடைய அன்றைய பிழை இரண்டு புள்ளி, அவருக்கு 6.5ஆ 6.75ஆ என்ற வாதமே கிடையாது. போன முறை உங்கள் 85க்கும் 88க்கும் இருந்த வித்தியாசம் இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் 'தேங்காய்' என்றால் நான்கு பேருக்கும் தேங்காய் வந்துவிடும். சராசரி எடுக்காமல் நடுப்புள்ளியை எடுங்கள். நான்கு பேர் என்றால் வரிசையாக அடுக்கி நடு இரண்டின் பாதி.

வீரியம் இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி எழுதுங்கள், கலக்காதீர்கள். '61.8இல் 5, 50இல் 7' என்று வந்தால் அதுவே முழு மதிப்பீடு. ஒரே எண்தான் வேண்டும் என்றால் நான் உயர்ந்ததைத்தான் போடுவேன். வாங்குகிறவர் வீட்டில் தண்ணீர் இருக்கிறது.

ஓக்குப்பீப்பாய்

கடைசி வரியில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், கணக்கப்பிள்ளை. காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று பெயர் போட்டுக் கூடுதல் காசு வாங்கினால் அந்த வீரியத்தில் நின்று காட்ட வேண்டும். நம் ஊரில் கலால் வரியே ஆல்கஹால் அளவுக்குத்தான், 60 விழுக்காட்டுப் போத்தலுக்கு 40 விழுக்காட்டை விட ஒன்றரை மடங்கு வரி. அந்த வெள்ளியைக் கொடுத்துவிட்டு 50இல்தான் ருசி என்றால், 50இல் போத்தல் போடுகிற பாட்டில்டு இன் பாண்ட் வாங்கிக்கொள்ளலாமே. தண்ணீர் விட்டால் மட்டும் நல்லதாகிற போர்பனுக்கு நான் ஒரு புள்ளி குறைப்பேன். தண்ணீர் விட்டதும் உடைந்து கசப்பும் மரமும் மட்டும் மிஞ்சுகிறது என்றால் இரண்டு. சிறு பீப்பாய்ச் சரக்கில் அதுதான் அடிக்கடி நடக்கும், மேலே இருந்த இனிப்பு ஆல்கஹாலின் இனிப்புதான் என்று அப்போது தெரியும்.

இன்னொன்று. குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலை பசியாறுவதற்கு முன் முகருங்கள். ஆல்கஹால் போன பிறகு மிஞ்சுவது பொய் சொல்லாது. புகையிலை, கோக்கோ, குலா மெலாக்கா இருந்தால் நல்ல பீப்பாய். புளித்த மாவு வாசனை இருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு உள்ளே கிடந்திருக்க வேண்டியது.

செந்தூல்வாசி

முடிவு செய்துவிட்டோம்: முதல் சுற்று 50, அரை மணி இடைவெளி, இரண்டாவது போத்தல் வீரியம், இரண்டு எண்ணும் தனியாக. இரட்டைக் கிளாஸ் எது என்று என் மனைவிக்கு மட்டும் தெரியும், அவர்தான் ஊற்றுகிறார். மிச்சத்தை எப்படி வைப்பது? போத்தலில் பாதிக்கு மேல் இருக்கும்.

பட்டர்வொர்த் பெர்ரி

நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். 61.8 கார்க்கைத் தின்றுவிடும், அடுத்த முறை திருகினால் பாதி உள்ளே விழும். வெயில் படாத அலமாரி, காடியின் பின்பெட்டி வேண்டவே வேண்டாம். பாதிக்குக் கீழே இறங்கியதும் 200 மில்லி கண்ணாடிப் போத்தலில் கழுத்து வரை நிரப்பித் திருகுமூடி போட்டுவிடுங்கள், மேலே எழுதுபொருள் நாடாவில் பெயரும் விழுக்காடும் தேதியும். நம் ஊர் ஈரத்தில் லேபிள் பூசணம் பிடிக்கும், ஃபுட் ராப் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை தனியாகப் புள்ளி போட்டு சனிக்கிழமை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள், அந்த நெயில் பாலிஷ் போயிற்றா என்று இங்கே சொல்லுங்கள்.